வாராக்கடன் ஓட்டு

முதலில் ஒரு டிஸ்கி: நான் எந்தக் கட்சியிலும் இல்லை. இந்தக் கட்டுரையில் சில தலைவர்கள் பெயர் அடிக்கடி வரும். எங்கள் தொகுதியின் வரலாறு அப்படி, நான் என்ன செய்ய? சண்டைக்கு வருபவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வரவும்.

2024 ஏப்ரல் 19. என் முதல் ஓட்டு. கீழப்பழுவூரில் காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிளம்பும்போது அப்பா சொன்னது ஒரே வரிதான். "பாப்பா, யாருக்கு வேணா போடு. ஆனா ஜெயிக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் போடு. ஓட்ட வீணாக்காத."

எனக்குச் சுருக்கென்றது. நான் மனதில் வைத்திருந்தது ஒரு சுயேச்சையை. டெபாசிட் கூடத் தேறாது என்று அவருக்கே தெரிந்திருக்கும். அப்பா சொல்வதில் தப்பும் இல்லை. அவர் சின்னதாக ஒரு கடை வைத்திருப்பவர். திரும்பி வராத காசுக்கு அவர் அகராதியில் ஒரே பெயர்தான்: வாராக்கடன். பி.காம் படிக்கிற எனக்கும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் உண்மையிலேயே ஓட்டு என்பது வாராக்கடன் ஆகுமா? அன்றைக்கு ஆரம்பித்த குடைச்சலில் பழைய தேர்தல் கணக்குகளைத் தோண்டினேன். கிடைத்ததை உங்களிடம் கொட்டுகிறேன்.

முதலில் இரண்டு பெயர்கள் வைத்துக்கொள்வோம். நமக்கு யாரை நிஜமாகப் பிடிக்கிறதோ அவருக்கே போடுவது மனசு ஓட்டு. பிடித்தவர் ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்து, பிடிக்காத ஆள் ஜெயித்துவிடக் கூடாதே என்று இரண்டாவது பிடித்தவருக்குப் போடுவது கணக்கு ஓட்டு. பிரான்ஸ் நாட்டு மொரிஸ் துவெர்ஜே 1951-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொன்னார். ஒரு தொகுதிக்கு ஒரே இடம், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்று வைத்தால், மூன்றாவது ஆளுக்குப் போடுவது வீண் என்று மக்கள் கற்றுக்கொள்வார்கள். காலப்போக்கில் இரண்டே கட்சிகள் மிஞ்சும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

(எங்கள் ஊர் பழுவேட்டரையர்கள் ஆண்ட ஊர். ஊர்ப் பெருமை பேசாமல் எப்படி? அந்தச் சோழர் காலத்துக் குடவோலையை எல்லோரும் ஜனநாயகம் என்று மேடையில் முழங்குவார்கள். பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுப்படி அது குலுக்கல். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். குலுக்கலில் கணக்கு ஓட்டுக்கு வேலையே இல்லை. ஒரு வகையில் நிம்மதி!)

சுதந்திர இந்தியாவின் முதல் இரண்டு தேர்தல்களில் இப்போது நாம் மறந்துபோன ஒரு விசித்திரம் இருந்தது: இரட்டை உறுப்பினர் தொகுதி. பட்டியல் சாதியினருக்குத் தனித் தொகுதி ஒதுக்காமல், சில பெரிய தொகுதிகளில் ஒரு பொது இடம், ஒரு தனி இடம் என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1957-ல் சிதம்பரம் அப்படித்தான் இருந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல். இளையபெருமாள் அதில் வென்றவர். பின்னாளில் தீண்டாமை பற்றிய விசாரணைக் குழுவுக்குத் தலைவராக இருந்தாரே, அவரேதான். வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. ஆனால் ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றைப் போடாமலே வரலாம். நமக்குப் பிடித்தவருக்குப் போட்டியாக இன்னொருவருக்கு ஏன் ஒரு ஓட்டை ஏற்றிவிட வேண்டும்? அதாவது, ஒரு ஓட்டை வேண்டுமென்றே வீணாக்கினால்தான் மற்ற ஓட்டுக்கு பலம்! துவெர்ஜேயின் கணக்குக்கு நேர் எதிர்.

இந்த முறையில் மாட்டிக்கொண்டவர்களில் பிரபலமானவர் வி.வி. கிரி. 1957-ல் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் நின்றார். பழங்குடி வேட்பாளர்கள் இரண்டு பேர் அதிக ஓட்டு வாங்கியதால் தனி இடமும் போனது, பொது இடமும் போனது. கிரி உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். 1959-ல் அங்கும் தோற்றார். 1961-ல் இரட்டைத் தொகுதிகளையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். கிரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

பெரம்பலூர்ப் பக்கம் 1952-ல் நடந்தது வேறு மாதிரி. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் பூராரங்கசாமி படையாச்சி மக்களவைக்கு ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தி.மு.க. நிற்கவில்லை. காங்கிரஸ் வேண்டாம் என்றவர்களின் ஓட்டு இந்த மாதிரிக் கட்சிகளுக்குப் போனது. இரண்டு வருடத்தில், 1954-ல், அந்தக் கட்சியே காங்கிரஸில் கரைந்துவிட்டது. மனசு ஓட்டோ கணக்கு ஓட்டோ, ஜெயித்தும் வாராக்கடன் ஆனதற்கு இது உதாரணம். அப்பா இந்த வகையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இப்போது 1967-க்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த தேர்தல் (பார்த்த மாதிரிப் பேசுகிறேன், மன்னிக்கவும்). துவெர்ஜே விதி இந்தியாவில் ஏன் பலிக்கவில்லை என்று அமெரிக்காவின் வில்லியம் ரைக்கர் ஒரு காரணம் சொல்கிறார். காங்கிரஸ் நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் வலதுசாரி, இன்னொரு பக்கம் இடதுசாரி. இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. காங்கிரஸே பரவாயில்லை என்பார்கள். அதனால் எதிர் ஓட்டு ஒன்று சேராது. 1962-ல் சென்னை மாநிலத்தில் இதுதான் நடந்தது. காங்கிரஸுக்கு 46 சதவீத ஓட்டு, ஆனால் சட்டமன்றத்தில் 206-க்கு 139 இடம். மீதி 54 சதவீதம் பேர் பல பெட்டிகளில் பிரிந்து கிடந்தார்கள். (பெரம்பலூர் மக்களவைத் தொகுதி மட்டும் தி.மு.க.வின் இரா. செழியனை அனுப்பியது.)

1967-ல் ரைக்கரின் சித்திரத்தை இங்கே கிழித்துப் போட்டார்கள். ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டும் ஒரே கூட்டணியில்! கூடவே முஸ்லிம் லீக், சோஷலிஸ்டுகள். எல்லோரையும் கட்டி இழுத்தவர் அண்ணா. மக்களவைக்கு 39 இடங்கள். காங்கிரஸ் 41 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தது 3 இடம். தி.மு.க. 25 இடத்தில் நின்று 25-ம் ஜெயித்தது. காங்கிரஸின் ஓட்டு 1962-ஐ விடப் பெரிதாக ஒன்றும் விழுந்துவிடவில்லை. எதிரே இருந்தவர்கள் பிரியவில்லை, அவ்வளவுதான்.

இதில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. தமிழ்நாட்டில் கணக்கு ஓட்டை வாக்காளர் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. தலைவர்கள் தொகுதிப் பங்கீட்டு மேஜையிலேயே நமக்காக மொத்தமாகப் போட்டுவிடுகிறார்கள். நாம் சில்லறை வியாபாரிகள், அவர்கள் மொத்த வியாபாரிகள். அன்றிலிருந்து இன்றுவரை நம் தேர்தல்களின் பாதிக் கதை கூட்டணிக் கதைதான். எங்கள் அரியலூர்ப் பகுதி 2009-க்கு முன்பு பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. 1996-ல் ஆ. ராசா ஜெயித்தார், 1998-ல் தோற்றார், 1999-ல் மறுபடி ஜெயித்தார். 1998-க்கும் 1999-க்கும் நடுவில் மக்கள் மனம் தலைகீழாக மாறியதா? 1998-ல் பா.ம.க.வும் ம.தி.மு.க.வும் அ.தி.மு.க. பக்கம். 1999-ல் இரண்டும் தி.மு.க. பக்கம். அதே ஜனம், அதே ஓட்டு, மூட்டை மட்டும் மாறிவிட்டது.

ஆனால் மூட்டைக்குள் இருப்பவர்கள் எப்போதும் சொன்னபடி கேட்பதில்லை. என் அப்பாயி அதற்கு சாட்சி.

1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தல். இந்திரா காங்கிரஸும் தி.மு.க.வும் கூட்டணி. 39-ல் 37 இடம் அவர்களுக்கு. எம்.ஜி.ஆர். பக்கம் கோபிச்செட்டிப்பாளையம், சிவகாசி இரண்டு மட்டும். பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். இனி எழவே மாட்டார் என்று நினைத்திருப்பார்கள். மே மாதக் கடைசியில் சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க. மட்டும் 129 இடம்!

"நீ யாருக்கு அப்பாயி போட்ட?" என்று கேட்டேன். அப்போது அவருக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும்.

"மார்கழிக்கு கையி. வைகாசிக்கு எலை."

"ஏன்?"

"டில்லிக்கு அந்தம்மா. இங்க நம்மாளு. மேல ஒண்ணு கீழ ஒண்ணு. இதுல என்ன இருக்கு?"

இதில் என்ன இருக்கு என்று ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், அப்பாயி! ஆட்சியைக் கலைத்ததற்கு அனுதாபம், ஜெயித்தால் தி.மு.க.வா காங்கிரஸா என்று கூட்டணிக்குள் இருந்த இழுபறி எல்லாம் காரணங்கள்தான். ஆனால் அடியில் இருப்பது அப்பாயி சொன்னது: மக்களுக்கு விருப்பம் என்பது ஒன்று அல்ல, இடத்துக்கு இடம் வேறு. 2019-ல் இது ஒரே நாளில் நடந்தது. ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்ற இடைத்தேர்தல்கள், மே மாதம் மேலும் 4. மக்களவையில் தி.மு.க. அணி 38-க்கு 37 வாரிக்கொண்டு போனது. இடைத்தேர்தலில் 22-ல் 9 அ.தி.மு.க.வுக்குக் கிடைத்து, அந்த ஆட்சி பிழைத்தது.

சரி, இப்போது எங்கள் தொகுதி. 2008 மறுசீரமைப்புக்குப் பிறகு அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் எல்லாம் சிதம்பரம் (தனி) மக்களவைத் தொகுதிக்குள் வந்தன. வீணாகும் ஓட்டைப் பற்றிப் பாடம் படிக்க வேண்டுமென்றால் இந்தியாவிலேயே இதைவிட நல்ல தொகுதி கிடைக்காது என்பது என் தாழ்மையான கருத்து.

1999. அதுவரை தேர்தலையே புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் முதன்முறையாகக் களம் இறங்குகிறார்கள். தொல். திருமாவளவன் சிதம்பரத்தில் மூப்பனாரின் த.மா.கா. அணியில் நிற்கிறார். அந்த அணி மாநிலத்தில் மூன்றாவது அணி. துவெர்ஜே சொன்னபடி என்றால் ஓட்டு கரைந்திருக்க வேண்டும். அவருக்கு விழுந்தது சுமார் 2.25 லட்சம். பா.ம.க.வின் இ. பொன்னுசாமி ஜெயித்தார், திருமாவளவன் இரண்டாம் இடம். அந்த ஓட்டுகள் சும்மா விழுந்தவை அல்ல. வாக்குப்பதிவை ஒட்டிப் பல ஊர்களில் தலித் மக்கள் சாவடிக்குப் போகவிடாமல் தடுக்கப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. ஜெயிக்க மாட்டார் என்று எல்லோரும் சொல்கிற ஒருவருக்கு ஓட்டுப் போட அடி வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

2004-ல் இன்னும் அழுத்தம். 2001-ல் உதயசூரியன் சின்னத்தில் மங்களூர்த் தொகுதியில் வென்ற எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்துவிட்டு, ஐக்கிய ஜனதா தளம் சார்பில் மறுபடி சிதம்பரத்தில் நிற்கிறார். அந்த வருடம் தி.மு.க. அணி தமிழ்நாட்டில் 39-க்கு 39. அப்படிப்பட்ட அலையில் அவருக்கு 2.55 லட்சம் ஓட்டு, மறுபடி இரண்டாம் இடம். அ.தி.மு.க. கூட்டணியின் பா.ஜ.க. வேட்பாளர் மூன்றாவது.

அப்பாவின் கணக்குப்படி இரண்டு தேர்தல்களிலும் சேர்த்து நாலேமுக்கால் லட்சத்துக்கும் மேல் வாராக்கடன். ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2006-ல் அ.தி.மு.க. அவரைக் கூட்டணிக்குள் அழைத்து 9 சட்டமன்ற இடங்கள் கொடுக்கிறது. 2009-ல் தி.மு.க. அழைக்கிறது. அதே சிதம்பரத்தில், அதே பொன்னுசாமியை 99,083 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடிக்கிறார். தொகுதிப் பங்கீட்டு மேஜையில் பேரம் பேசப் போகிறவர்கள் கையில் என்ன கொண்டுபோவார்கள்? போன தேர்தலில் தனியாக வாங்கிய ஓட்டுக் கணக்கைத்தான். தோற்ற ஓட்டுதான் அடுத்த தேர்தலின் மூலதனம். எங்கள் பாடத்தில் இதற்குத் தனிப் பதிவே உண்டு: தள்ளுபடி செய்த வாராக்கடன் திரும்ப வசூலாவது.

விஜயகாந்த் கதையும் இதுதான். 2006-ல் தே.மு.தி.க. தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, ஜெயித்தது அவர் ஒருவர். 2011-ல் அ.தி.மு.க. அதற்குக் கொடுத்தது 41 இடம், ஜெயித்தது 29. இப்போது சட்டமே அந்த ஓட்டுக்கு விலை வைத்திருக்கிறது. ஒரு இடம்கூட ஜெயிக்காவிட்டாலும் மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு வாங்கினால் கட்சிக்கு அங்கீகாரம் உண்டு. 2024 தேர்தலில் வாங்கிய ஓட்டால் நாம் தமிழர் கட்சி அப்படித்தான் அங்கீகாரம் பெற்றது.

ஆனால் எல்லாக் கடனும் வசூலாகிவிடும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். 2014-ல் சிதம்பரத்தில் நாலு முனைப் போட்டி. அ.தி.மு.க.வின் மா. சந்திரகாசிக்கு 4.29 லட்சம், திருமாவளவனுக்கு 3.01 லட்சம், பா.ம.க.வுக்கு 2.79 லட்சம். முதல் இரண்டு பேர் யார் என்றே தெரியாதபோது கணக்கு ஓட்டு போடுவது எப்படி?

பிறகு 2019. எனக்கு அப்போது 15 வயது, மே 23 ராத்திரி நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாநிலம் முழுக்க முடிவு வந்துவிட்டது, சிதம்பரம் மட்டும் ஏறுகிறது, இறங்குகிறது. அப்பா டிவியை அணைக்கவே விடவில்லை. கடைசியில் திருமாவளவன் 5,00,229. அ.தி.மு.க.வின் சந்திரசேகர் 4,97,010. வித்தியாசம் 3,219.

அதே தொகுதியில் அ.ம.மு.க.வுக்கு 62 ஆயிரத்துக்கு மேல். அது அ.தி.மு.க.விலிருந்து பிரிந்து வந்த கட்சி. நூற்றுக்கு ஆறு பேர் பழைய வீட்டுக்குத் திரும்பியிருந்தால் முடிவே வேறு. நாம் தமிழருக்கு 37 ஆயிரம். நோட்டாவுக்கு 15 ஆயிரத்துக்கு மேல், அதாவது வித்தியாசத்தைப் போல நாலரை மடங்குக்கும் மேல். அந்த 62 ஆயிரம் பேரும் அ.தி.மு.க. ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தார்களா, பாடம் புகட்ட நினைத்தார்களா, யாருக்கும் தெரியாது. ஒருவேளை அவர்கள் மனசு ஓட்டே அதுவாக இருந்திருக்கலாம். அ.ம.மு.க.வுக்கு அந்தக் கடன் பெரிதாக வசூலாகவில்லை என்பது மட்டும் தெரிகிறது. 2021-ல் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

அந்த ஏப்ரல் 18-ல் எங்கள் மாவட்டத்தின் பொன்பரப்பியில் வாக்குப்பதிவு நாளிலேயே தகராறு. திருமாவளவனின் பானைச் சின்னத்தை ஒட்டி ஆரம்பித்து, தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. யாருக்கு யார் போடுவார்கள் என்று ஊருக்கே 'தெரிந்திருப்பதால்' வருகிற வினை இது. கணக்கு ஓட்டு, மனசு ஓட்டு என்று வசதியாகப் பிரித்துப் பேசும்போது நான் மறந்துபோன மூன்றாவது ஒன்று உண்டு: பயந்து போடுகிற ஓட்டு.

ரகசிய வாக்கெடுப்புதானே, பயம் எதற்கு என்பீர்கள். வாக்குச்சீட்டு காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண முடிந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனித்தனியாக வெளியே வருகிறது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று கட்சிக்காரர்கள் விரல் விட்டுச் சொல்வார்கள். பல இயந்திரங்களைச் சேர்த்து எண்ணுகிற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. 2015-ல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த மனசு/கணக்கு இழுபறியைக் குறைக்கிற முறை உலகத்தில் இல்லையா? இருக்கிறது, இந்தியாவிலேயே இருக்கிறது, நமக்குத்தான் இல்லை. இப்போது கிரி திரும்ப வருகிறார். 1969 குடியரசுத் தலைவர் தேர்தல். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொன்னார். முதல் சுற்றில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளின் இரண்டாம் விருப்பத்தை எண்ணியபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. ஒரு முறையின் விசித்திரத்தால் 1957-ல் தோற்றவர், இன்னொரு முறையின் நியாயத்தால் ஜனாதிபதி ஆனார். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் 1, 2, 3 என்று விருப்பத்தை எழுதலாம். அவர்களைத் தேர்ந்தெடுக்கிற நாம் ஒரே ஒரு பட்டனை அமுக்கிவிட்டு வரவேண்டும்!

பக்கத்தில் இலங்கையில் சாதாரண மக்களுக்கே ஜனாதிபதி தேர்தலில் இந்த வசதி உண்டு. 1982-லிருந்து இருந்தும், இரண்டாம் விருப்பத்தை எண்ண வேண்டிய நிலை முதன்முதலாக வந்தது 2024-ல்தான். பெரும்பாலானவர்கள் இரண்டாவதை எழுதுவதே இல்லை. 2010-ல் அங்குள்ள தமிழர்கள் செய்தது இன்னொரு வகை. ராஜபக்சே வேண்டாம் என்பதற்காக, அந்தப் போரையே நடத்திய ராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு யாழ்ப்பாணத்தில் பெரும்பான்மை ஓட்டு. கணக்கு ஓட்டு எவ்வளவு கசக்கும் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

2024 ஜூன் 4-ல் எங்கள் தொகுதி முடிவு வந்தது. திருமாவளவன் 1,03,554 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். "நீ எதுல போட்ட பாப்பா? ஜெயிச்சதுலயா தோத்ததுலயா?" என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாயி குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் கேக்கக் கூடாது. ஒங்கப்பன் என்னையக் கேட்டதுக்கே நா சொன்னதில்ல."

கொஞ்ச நாள் கழித்து சாவடி வாரியான பட்டியல் கைக்குக் கிடைத்தது. எங்கள் சாவடி வரிசையைத் தேடி, அந்தச் சுயேச்சையின் கட்டத்துக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன். ஒற்றை இலக்கம். அப்பாவிடம் அந்தப் பட்டியலைக் காட்டவில்லை.